சுவாதிக்குக் கீழே ஒரு தீவு

ஐந்துக்கு மலாயில் ‘லீமா’. ஹவாய் மொழியிலும் ‘லீமா’தான். இரண்டு இங்கே ‘டுவா’, அங்கே ‘லுவா’. வானம் ‘லாஙிட்’, ‘லானி’. கண் ‘மாத்தா’, ‘மாக்கா’. நெருப்பு ‘ஆப்பி’, ‘ஆஹி’. கோலாலம்பூருக்கும் ஹோனலூலுவுக்கும் இடையே பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆனாலும் பள்ளியில் பதினோர் ஆண்டுகள் மலாய் படித்த எவரும் ஹவாய் அகராதியைப் புரட்டினால், கூட்டத்தில் தெரிந்த முகங்கள் தென்படுவதுபோல் இருக்கும்.

இது தற்செயல் அல்ல. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தைவானிலிருந்து கடலில் இறங்கிய மக்களின் மொழி கிளைத்துக் கிளைத்து, மேற்கே மடகாஸ்கர் வரையிலும் கிழக்கே ஈஸ்டர் தீவு வரையிலும் பரவியது என்கிறார்கள் மொழியியலாளர்கள். சொல் தானாக நீந்திப் போகாது. யாரோ அதைப் படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். எப்படிப் போனார்கள்? பல்கலைக்கழகத்தில் நான் எடுத்த வரலாற்றுப் பாடம் ஒன்றில் இந்தக் கேள்வியை ஒட்டி ஓர் இடுபணி எழுத வேண்டியிருந்தது. அதற்காகத் தேடும்போதுதான் ஹோக்கூலேயா என்ற படகு அறிமுகமானது. இடுபணியை ஒப்படைத்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. படகு மட்டும் மனத்தைவிட்டுப் போகவில்லை.

அந்த மக்கள் திசை தெரிந்துதான் போனார்கள் என்பதை வெளியுலக அறிஞர்கள் பலர் நீண்ட காலம் நம்பவில்லை. நார்வேயைச் சேர்ந்த தோர் ஹெயர்டால் 1947-இல் பெருவிலிருந்து கோன்-டிக்கி என்ற மிதவையில் 101 நாள் மிதந்து போய், பசிபிக் தீவுகளுக்கு மனிதர்கள் தென்னமெரிக்காவிலிருந்து காற்றோடும் நீரோட்டத்தோடும் வந்திருக்கலாம் என்று காட்ட முயன்றார். ஆண்ட்ரூ ஷார்ப் என்ற வரலாற்றாசிரியர் 1950களில், தொலைதூரத் தீவுகளை அவர்கள் திட்டமிட்டு அடையவில்லை, வழிதவறிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று எழுதினார். ஒருவருடைய மூதாதையரைத் ‘தொலைந்துபோனவர்கள்’ என்று சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை!

வாதத்துக்குப் பதிலாக ஒரு படகைக் கட்டிக் காட்டலாம் என்று மூவர் நினைத்தார்கள். மானிடவியலாளர் பென் ஃபின்னி, ஓவியர் ஹெர்ப் கானே, கடலோடி டாமி ஹோம்ஸ் ஆகியோர் 1973-இல் பொலினீசியக் கடற்பயணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1975 மார்ச் 8 அன்று ஹோக்கூலேயா தண்ணீரில் இறங்கியது. நீளம் 62 அடி. இரண்டு நீண்ட ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, குறுக்குக் கட்டைகளால் இணைத்து, மேலே பலகைத் தளமும் இரண்டு பாய்களும் அமைத்தார்கள். இத்தகைய இரட்டைப் படகுக்கு ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்று பெயர். நம் கட்டுமரம்தான் அப்படி மருவியது. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது, இரட்டை ஓடம் அல்ல. பெயர் மட்டும் ஊர் சுற்றப் போய்விட்டது. ஆனால் ஹோக்கூலேயாவுக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது. அதன் பாகங்கள் ஆணியால் அல்ல, கயிற்றால் இறுகக் கட்டப்பட்டவை. பெரிய அலை மோதும்போது கட்டு நெளிந்து கொடுக்கும். ஓடங்கள் ஒட்டுப்பலகையாலும் கண்ணாடி இழையாலும் ஆனவைதாம். பழைய வடிவமும் பழைய வழியறியும் முறையும் வேலை செய்யுமா என்பதே அவர்கள் சோதிக்க விரும்பியது.

படகு தயார். வழி காட்ட ஆள் இல்லை. அந்தக் கலை தெரிந்த ஒருவர்கூட ஹவாயில் மிஞ்சியிருக்கவில்லை. அங்கிருந்து வெகுதூரத்தில், மைக்ரோனீசியாவின் சத்தவால் என்ற மிகச் சிறிய தீவில் மாவ் பியாய்லுக் இருந்தார். அவர் பொலினீசியர் அல்லர். பேசியதும் வேறு மொழி. குழந்தையாக இருந்தபோதே அவருடைய தாத்தா அவரைக் கரையோரக் குட்டைகளில் உட்காரவைத்து அலையின் இழுப்பை உணரப் பழக்கியிருந்தார். அந்த அறிவு குடும்பத்துக்குள் காக்கப்படுவது. வெளியாருக்குக் கொடுப்பது வழக்கமில்லை. ஆனால் சொந்தத் தீவின் இளையோர் கற்க வரவில்லை. பள்ளி, வேலை என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாவ் ஹவாய்க்காரர்களுக்கு ‘சரி’ என்றார்.

1976 மே 1 அன்று மாவித் தீவிலிருந்து புறப்பட்டார்கள். திசைகாட்டி, வரைபடம், கடிகாரம் எதையும் வழியறியப் பயன்படுத்தவில்லை. சுமார் 4,000 கிலோமீட்டர் தெற்கே தஹித்தி. ஜூன் 4 அன்று பாப்பெயெட்டே துறைமுகத்துக்குள் நுழைந்தபோது 17,000 பேருக்கு மேல் கரையில் காத்திருந்தார்கள். பிள்ளைகள் முண்டியடித்து ஏறிய பாரத்தில் படகின் பின்பகுதி தண்ணீரில் அமிழ்ந்ததாம்.

இது எப்படிச் சாத்தியம்? ஒவ்வொரு நட்சத்திரமும் தொடுவானத்தில் ஒரே இடத்தில்தான் எப்போதும் உதிக்கும், ஒரே இடத்தில்தான் மறையும். ஹவாய் மாலுமிகள் தொடுவானத்தை 32 வீடுகளாகப் பிரித்து, எந்த நட்சத்திரம் எந்த வீட்டிலிருந்து புறப்படும் என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஒன்று மேலே ஏறிவிட்டால் அது திசைக்கு உதவாது. அதே வீட்டில் அடுத்தது உதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பகலில் சூரியன் எழும்போதும் விழும்போதும் பார்த்துக்கொள்ளலாம். வானம் மூடிவிட்டால் கடலலைதான் துணை. தூரத்திலிருந்து ஒரே திசையில் வரும் பெரிய அலை, படகை எப்படித் தூக்குகிறது, எப்படிச் சாய்க்கிறது என்பதை உடம்பால் உணர வேண்டும். அதற்காக மாவ் ஓடத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்வாராம்.

இதைப் படித்தபோது பாட்டியின் நினைவு வந்தது. பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். இருட்டோடு பெரட்டுக்குப் போக எழ வேண்டும். லயத்தில் கடிகாரம் இல்லாத காலத்தில் ஆறாமீன் எங்கே நிற்கிறது என்று பார்த்து நேரம் சொல்வார்களாம். கார்த்திகை என்று நாம் சொல்லும் அதே நட்சத்திரக் கூட்டம். ஹவாயில் அதற்கு மக்காலியி என்று பெயர். அந்தி சாய்ந்ததும் அது கிழக்கே உதிக்கும் காலத்தை ஒட்டித்தான் அங்கே பழைய கணக்கில் விழாக்காலம் தொடங்கும்.

கதை தஹித்தியோடு இனிதே முடிந்துவிடவில்லை. 1976 பயணத்தில் மாலுமிகளுக்குள்ளே சண்டை. மாவ் வெறுத்துப்போய், தன்னைத் தேடி வரவேண்டாம் என்று ஒலிநாடாவில் பதிவுசெய்து வைத்துவிட்டு ஊர் திரும்பினார். 1978 மார்ச்சில் அவர் இல்லாமல், துணைக் கப்பலும் இல்லாமல் மீண்டும் புறப்பட்டார்கள். புறப்பட்ட இரவே மொலொக்காய் தீவுக்கு அருகே கொந்தளிப்பில் படகு கவிழ்ந்தது. மறுநாள், மாலுமிகளில் ஒருவரான எடி ஐகாவ் உதவி கேட்டு வருவதாகச் சொல்லித் தன் அலைச்சறுக்குப் பலகையில் கரையை நோக்கித் துடுப்புப் போட்டார். அவர் உயிர்காப்பாளர், பேரலைகளில் சறுக்குவதில் பெயர்பெற்றவர், வயது 31. மற்றவர்கள் அன்றிரவே மீட்கப்பட்டார்கள். எடி கிடைக்கவே இல்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் நைனோவா தாம்சன் என்ற இளைஞர் மாவைத் தேடிப் போய்க் கற்றுத்தரக் கேட்டார். மாவ் திரும்பி வந்தார். 1980-இல் நைனோவாவே வழிகாட்டியாகத் தஹித்திக்குப் பயணம். மாவ் உடன் வந்தாரே தவிர வாய் திறக்கவில்லை. பயணத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு காலையில் ஒரு வெண்பறவை தென்பட்டது. இந்தப் பறவைகள் காலையில் கரையிலிருந்து கடலுக்குப் போகும், மாலையில் கரைக்குத் திரும்பும். ஆகவே பறவை வந்த திசையில்தான் நிலம் என்று கணக்கிட்டு நைனோவா படகைத் திருப்பினார். அப்போதுதான் மாவ் குறுக்கிட்டார்: திருப்பு, பறவை போகும் பக்கமே போ. ஒரு மணி நேரத்தில் தீவு தெரிந்தது. பறவையின் அலகில் மீன் இருந்ததை மாவ் கவனித்திருந்தார். குஞ்சு பொரிக்கும் காலத்தில் அது காலையிலும் கூட்டுக்கு இரை கொண்டுபோகும். விதியைக் கற்றவருக்கும் விதிவிலக்கைக் கண்டவருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது. எத்தனை காணொளி பார்த்தாலும் அந்த மீனை யாராவது பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

2007-இல் ஹவாய்க்காரர்கள் ஒரு புதிய படகைக் கட்டிச் சத்தவாலுக்கே ஓட்டிச் சென்று மாவிடம் கொடுத்தார்கள். படகின் பெயர் அலிங்கானோ மைசு. மைசு என்றால் காற்றில் உதிர்ந்த பழுத்த ஈரப்பலா. மரம் யாருடையதாக இருந்தாலும் விழுந்ததை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதே தீவில் மாவ், நைனோவா உள்ளிட்ட ஐந்து ஹவாய்க்காரர்களுக்கும் மைக்ரோனீசியர்கள் சிலருக்கும் தலைமை வழிகாட்டி என்ற பட்டம் சூட்டினார். 2010-இல் மறைந்தார்.

ஹோக்கூலேயா இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2014 முதல் 2017 வரை உலகையே சுற்றி வந்தது. 2015-இல் பாலி வரை வந்து, அங்கிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து மொரீஷியஸ் போனது; நம் நீரிணைப் பக்கம் திரும்பவில்லை என்பதில் எனக்குச் சின்ன வருத்தம். ஓடிய தூரத்தைவிட, கரை சேரும் விதம்தான் என்னை ஈர்க்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த மண்ணின் பூர்வகுடிகளிடம் அனுமதி கேட்டுத்தான் இறங்குகிறார்கள். 1985-இல் நியூசிலாந்தின் வைத்தாங்கிக்குப் போனபோது, தங்கள் வட்டாரத்தின் ஐந்து குலங்களும் படகில் வந்தவர்களே, நீங்களும் படகில் வந்திருப்பதால் ஆறாவது குலம் என்று மவோரித் தலைவர் ஜேம்ஸ் ஹெனாரே அறிவித்தார்.

அலாஸ்காவோடு உள்ள உறவு இன்னும் விசித்திரமானது. முழுக்க மரத்தாலேயே இன்னொரு படகு கட்ட விரும்பி, 1990 வாக்கில் ஹவாய்க் காடுகளில் கோவா மரம் தேடினார்கள். ஓடம் குடையும் அளவுக்குப் பெரிய மரம் ஒன்றுகூட இல்லை. காடுகள் அந்த அளவுக்கு அழிந்திருந்தன. தென்கிழக்கு அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்குச் சொந்தமான சீயலாஸ்கா நிறுவனம், அதன் தலைவராக இருந்த பைரன் மாலட்டின் முயற்சியில், சுமார் 400 ஆண்டு வயதுடைய இரண்டு ஸ்புரூஸ் மரங்களைத் தர முன்வந்தது. நைனோவா தயங்கினார். அடுத்தவர் காட்டில் மரம் வெட்டிவிட்டுத் தன் காட்டின் நிலையை மறந்துபோவதா? ஹவாயில் கோவாக் கன்றுகள் நடும் வேலை தொடங்கிய பிறகே மனம் ஒப்பினார். ஹவாயிலோவா என்ற அந்தப் படகு 1995-இல் நன்றி சொல்ல அலாஸ்காவின் கரையோர ஊர்களுக்குப் போனது. 2023-இல் பசிபிக்கைச் சுற்றும் புதிய பயணத்தை ஹோக்கூலேயா தொடங்கியதும் அலாஸ்காவின் ஜூனோவிலிருந்துதான். அதற்கு முன், 2020-இல் காலமான பைரன் மாலட்டின் சொந்த ஊரான யாக்குட்டாட்டுக்குப் போய்விட்டு வந்தார்கள். மரம் வாங்கி முப்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன என் போன்றவர்களுக்கு ஒரு செய்தி இன்னும் நெருக்கமாக இருக்கும். 1896-இல் வந்த ஒரு சட்டம் ஹவாய்ப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. இரண்டு மூன்று தலைமுறைகளில் தாய்மொழி பேசும் பிள்ளைகளே அரிதாகிப்போனார்கள். படகு தஹித்திக்குப் போய்வந்த இரண்டாவது ஆண்டில், 1978-இல், ஹவாய் மொழி மாநிலத்தின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றானது. 1984-இல் முதல் ஹவாய்மொழிப் பாலர்பள்ளி திறந்தது. இவற்றையெல்லாம் படகே செய்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் மூதாதையர் வழிதவறி வந்தவர்கள் அல்லர் என்று தெரிந்துகொண்ட தலைமுறைதான் அந்தப் பள்ளிகளையும் தொடங்கியது.

படகின் பெயருக்கு ‘மகிழ்ச்சி நட்சத்திரம்’ என்று பொருள். அது நம் சுவாதிதான். ஹவாய்த் தீவுகளில் அது ஏறக்குறைய நேர் உச்சியில் கடந்து செல்லும். அதனால் தெற்கிலிருந்து வீடு திரும்பும் மாலுமிகள், சுவாதி தலைக்கு மேல் வரும்வரை வடக்கே போவார்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிவாக்கில் வெளியே வந்து வடக்குப் பார்த்து நின்று தலையை நன்றாக உயர்த்துங்கள். ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று தெரியும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அது நேர் உச்சிக்கு வராது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் பத்துப் பாகை. உச்சியிலிருந்து சுவாதி வரை ஒன்றரை முஷ்டிக்குச் சற்று அதிகமாக இருக்கும். ஹவாயைவிட நாம் அவ்வளவு தெற்கே இருக்கிறோம்.