ஏழு பேர்ச் நிலமும் மரக்கறிச் செய்கையும்

நுவரெலியா, அற்றன், தலவாக்கலை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெரும்பாலான குடும்பங்களின் வருவாய் கொழுந்தை நம்பியதாகும். கொழுந்தோ ஆண்டு முழுவதும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. மலைநாட்டின் மேற்குச் சரிவில் தை முதல் பங்குனி வரை நிலவும் வரட்சியில் தளிர் குன்றுகின்றது. வேலை நாட்களும் குறைகின்றன. அடுப்புச் செலவு மட்டும் குறைவதில்லை. இம்மாதங்களிலேயே குடும்பங்கள் கடைக் கடனிலும் வட்டிக் கடனிலும் இறங்குகின்றன. ஆதலின் வீட்டையடுத்த சிறு நிலத்தில் எதை, எப்பொழுது பயிரிடுவது என்பது, சந்தை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யும் விடயமன்று. கைக்காசு வற்றும் மாதத்தில் நிலம் எதைத் தரும் என்பதே முதற் கேள்வி.

ஒன்றையே நம்புவதால் வரும் இடரை மலைநாடு நன்கு அறியும். 1869 இல் கோப்பி இலையில் கண்ட துரு நோய் காலப்போக்கில் கோப்பிச் செய்கையையே அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை, ஓராண்டுக்கு முன்னர் இருந்ததிலும் ஏறக்குறைய 95 வீதம் கூடியிருந்தது. அதாவது, அதே கூலிக்கு முன்னர் வாங்கியதில் பாதியே கிடைத்தது. கூலி உயர்வு சட்டத்தாலும் உடன்பாட்டாலும் பெறவேண்டியது. மரக்கறிப் பாத்தி அதற்கு ஈடாகாது. எனினும் விலை ஏறிய பின் கூலி ஏறும் வரையுள்ள இடைவெளியைக் கடன்படாமல் கடக்க அது உதவும்.

அண்மைக் காலத்தில் லயத்தை விட்டுத் தனிவீடு பெற்ற குடும்பங்களுக்கு 7 பேர்ச் நிலம் வழங்கப்பட்டுள்ளது. ஒரு பேர்ச் 272 சதுர அடியாதலால் மொத்தம் 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். வீட்டுக்கு 550 சதுர அடியும், நடைபாதைக்கும் வடிகாலுக்கும் ஓரளவும் போக, ஏறக்குறைய 4 பேர்ச் எஞ்சும். லயத்தின் அருகே ஒரு துண்டு நிலமே உள்ளோரும் பின்வரும் முறையைச் சுருக்கிக் கைக்கொள்ளலாம்.

நிலம் முழுவதும் ஒரே பயிரை ஒரே நாளில் இடலாகாது. முள்ளங்கி 45 நாட்களில் பறிப்புக்கு வரும். குற்றுப்போஞ்சி 50 முதல் 60 நாட்களில் காய் தரும். கரட்டுக்கு மூன்று மாதமும், லீக்ஸுக்கு நாற்றுமேடைக் காலம் சேர்த்து ஐந்து மாதத்துக்கு மேலும் செல்லும். இவற்றுள் லீக்ஸ் தனிச்சிறப்புடையது. முற்றியபின்னும் சில வாரம் நிலத்திலேயே நிற்கும். தேவைப்படும் அளவுக்கு மட்டும் பிடுங்கி விற்கலாம். விலை விழுந்த நாளில் அவசரப்பட வேண்டியதில்லை. ஆகஸ்டில் நாற்றுமேடையிட்டு, ஒக்டோபரில் நடப்பட்ட லீக்ஸும், அம்மாதமே விதைத்த கரட்டும் தை, மாசியில் கைக்கு வரும். நுவரெலியாவின் பள்ளத்தாக்குகளில் அக்காலத்தில் உறைபனி விழுவதுண்டு. போஞ்சியும் உருளைக்கிழங்கும் அதில் கருகும். லீக்ஸும் கரட்டும் பெரும்பாலும் தாங்கும். ஆகவே போஞ்சியைச் செப்டெம்பரிலேயே விதைத்து, மார்கழிக்கு முன் காய் பறித்து முடித்தல் நன்று.

உருளைக்கிழங்கின் மீது பலருக்கும் ஆசையுண்டு. நல்ல விலை கிடைத்த ஆண்டுகளை எவரும் மறப்பதில்லை. ஆனால் அதன் செலவில் பெரும்பகுதி விதைக்கிழங்குக்கே போகின்றது. மூடுபனியும் தூறலும் தொடர்ந்தால் பின்வெளிறல் நோய் சில நாட்களில் வயலையே கருக்கிவிடும். கடன் வாங்கி விதைக்கிழங்கு நட்டு, நோயால் இழந்த குடும்பம் முன்னிருந்த நிலைக்கு மீள்வது கடினம். சொந்தப் பணத்தில் வாங்கக்கூடிய அளவுக்கு, ஒரு பாத்தி மட்டும் நடுவதில் தவறில்லை.

தேயிலை நின்ற மண் புளிப்புடையது. தேயிலைக்கு அது உகந்தது, மரக்கறிக்கு ஆகாது. கோவாவின் வேர் கழலை போல் வீங்கிச் செடி வாடும் நோயும் புளிப்பு மண்ணிலேயே மிகுதி. நடுவதற்கு மூன்று, நான்கு வாரத்துக்கு முன் டொலமைற்றுச் சுண்ணாம்பைத் தூவிக் கொத்திவிடல் வேண்டும். நோய் கண்ட பாத்தியில் கோவா, நோகோல், முள்ளங்கி ஆகிய ஓரினப் பயிர்களைச் சில ஆண்டு தவிர்த்தல் வேண்டும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. கடையை மட்டும் நம்பியோர் அவ்வாண்டு பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். ஒரு கறவைப் பசு உள்ள வீட்டில் பாலால் கைக்காசும், சாணத்தால் கூட்டெருவும் கிடைக்கும். சாணத்தை வெயிலிலும் மழையிலும் கிடக்க விடுவது பசளையை ஓடையில் கொட்டுவதற்கு ஒப்பாகும். குழியில் இலைகுழையோடு அடுக்கி, மேலே கூரையிட்டு, இடையிடையே புரட்டினால் மூன்று மாதத்தில் எருவாகும்.

பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, வரம்பில் கல்லடுக்கிப் புல் நடுதல் வேண்டும். மேலிருந்து வரும் நீர் வடிகாலில் இறங்காமல் மண்ணுள் தேங்கினால் சரிவே நழுவும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடு இதைக் கண்டது. ஆனால் கல்வரம்பும் சுண்ணாம்பும் பலன் தரச் சில ஆண்டுகள் வேண்டும். நாளை எழுப்பிவிடப்படலாம் என்று அஞ்சும் குடும்பம் அவற்றில் உழைப்பை இடத் தயங்குவது இயல்பே. நிலத்துக்கு உறுதிப்பத்திரம் கிடைப்பதும் விவசாய முன்னேற்றத்தின் ஒரு பகுதியே.

விதையைப் பொறுத்தவரை, போஞ்சியில் நோயற்ற சில செடிகளைப் பறிக்காமல் விட்டு, நெற்றைக் காயவைத்துச் சேமிக்கலாம். கோவா, கரட் விதைகளை வாங்கியே தீரவேண்டும். பொதியைத் திறந்தபின் மிஞ்சிய விதையை, அடியில் சிறிது அடுப்புக்கரியிட்ட உலர்ந்த போத்தலில் இறுக மூடி வைத்தால் மலைநாட்டு ஈரத்தில் முளைதிறன் கெடாது.