தக்காளி சந்தை சேரும் வரை

பாடுபட்டு விளைவித்த தக்காளி சந்தைக்குப் போகும் வழியில் நசுங்கினால், நாற்று விட்ட நாள் முதல் செய்த செலவும் அதனுடன் வீணாகிறது. வெயில், அழுத்தம், காத்திருப்பு ஆகிய மூன்றுமே இதற்கு முக்கியக் காரணங்கள்.

முதலில் ஏலம் தொடங்கும் நேரத்தை அறிந்து, அதற்கேற்ப வண்டி புறப்படும் நேரத்தையும் பறிக்கும் நேரத்தையும் முடிவு செய்ய வேண்டும். வண்டி உறுதியான பின்பே பறிக்க வேண்டும். தொலைதூரச் சந்தைக்கு, பூ உதிர்ந்த முனையில் இளஞ்சிவப்பு தோன்றும் பருவமும், உள்ளூர்ச் சந்தைக்கு நன்கு சிவந்த பருவமும் ஏற்றவை. வெயில் தாழ்ந்த வேளையில் பறித்து, உடனே நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். வெடித்த, அழுகிய பழங்களை நீக்கிவிட வேண்டும்.

மூங்கில் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் அடியிலுள்ள பழம் நசுங்கும். காற்றுத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில், மேலடுக்கின் பாரத்தைப் பெட்டியே தாங்கும். ஆனால், விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரைதான் நிரப்ப வேண்டும்.

2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இ-நாம் மின்னணுச் சந்தையில் இணைந்துள்ள விற்பனைக்கூடங்களின் விலையைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அண்டை வயல்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டி பேசினால் வாடகை குறையும். வண்டி நிறையக் காத்திருக்கவும் வேண்டாம்.

அடுத்த பறிப்பில் இம்முறைகளைக் கையாண்டு, கழிவாகும் பழத்தை எடை போட்டுப் பாருங்கள். பலன் தெரியும்.