எஸ்கேப்: மேலங்கியை உதறி ஓடியவன்

வகுப்பைவிட்டு நழுவும் நண்பனை ‘எஸ்கேப் ஆகிவிட்டான்’ என்கிறீர்களே, அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

இலத்தீன் மொழியில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே. பிற்கால இலத்தீனில் ‘கப்பா’ என்பது தோளில் போர்த்தும் மேலங்கி. இரண்டும் சேர்ந்து, மேலங்கியிலிருந்து வெளியேறுதல் என்ற பொருளில் ஒரு வினைச்சொல் மக்கள் பேச்சில் வழங்கியிருக்க வேண்டும் என்பது சொல்லாராய்ச்சியாளர் முடிவு. துரத்தி வருபவன் அங்கியைப் பற்றிக்கொள்கிறான். ஓடுபவனோ அதை உதறிவிட்டு ஓட்டம் பிடிக்கிறான். பிடித்தவன் கையில் துணி மட்டுமே மிச்சம்! பிரெஞ்சு மொழி வழியாக, 1300-ஆம் ஆண்டையொட்டி இச்சொல் ஆங்கிலத்துக்குள் புகுந்தது. சிறு தேவாலயத்தைக் குறிக்கும் ‘சேப்பல்’ என்ற சொல்லும் இதே மேலங்கியின் வழிவந்ததுதான். அது தனிக் கதை.

இயற்பியலில் இச்சொல்லை ‘எஸ்கேப் வெலாசிட்டி’ என்ற தொடரில் சந்திக்கிறோம். தமிழில் விடுபடு திசைவேகம். புவிப்பரப்பில் இதன் மதிப்பு விநாடிக்கு 11.2 கி.மீ.; நிலவில் 2.4 கி.மீ.

இங்கேதான் சொல் நம்மை ஏமாற்றுகிறது. ‘இவ்வேகத்தில் எறியப்பட்ட பொருள் புவியீர்ப்பிலிருந்து தப்பிவிடும், அதன்பின் அதன்மேல் ஈர்ப்பு இல்லை’ என்று தேர்வுத்தாளில் எழுதுவோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதுவும் கல்லூரியில்! ஈர்ப்பு விசைக்கு எல்லைக்கோடு எதுவும் கிடையாது. புவியின் மையத்திலிருந்து உள்ள தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஒருபோதும் பூச்சியமாகாது. ஆகவே, காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், மேலே செல்லும் பொருளின் வேகம் குறைந்துகொண்டேதான் போகும். ஆனால் நின்று திரும்பிவிடும் அளவுக்குக் குறையாது. ‘விடுபடு’ என்பதற்கு இங்கே இவ்வளவுதான் பொருள்.

இவ்வேகத்தைத் தரையிலேயே பெற்றாக வேண்டும் என்பதுமில்லை. 2013 நவம்பர் 5 அன்று ஏவப்பட்ட மங்கள்யான், புவியைச் சுற்றி வந்தபடியே எஞ்சினை அவ்வப்போது இயக்கிச் சுற்றுப்பாதையை நீட்டிக்கொண்டு, டிசம்பர் 1 அன்றுதான் புவியைவிட்டுப் புறப்பட்டது. அதைச் சுமந்து சென்ற ராக்கெட்டும், எரிந்து முடிந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டே மேலேறியது. அங்கியை உதறியவன் நினைவுக்கு வருகிறானா?

உங்களுக்கு ஒரு கேள்வி. 10 கிராம் கூழாங்கல், 10 டன் பாறை. புவியிலிருந்து விடுபட எதற்கு அதிக வேகம் தேவை? விடை கூறுமுன், பாடநூலில் உள்ள சூத்திரத்தில் எறியப்படும் பொருளின் நிறை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.