வலியைச் சுமக்கும் இழை

சிட்லபாக்கத்திற்குத் தெற்கே, செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. 1924இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவமனை ஒன்றை நடுவண் அரசு 1955இல் ஏற்று இதனை நிறுவியது. தொழுநோயைத் தோல் நோய் என்று மட்டுமே பலரும் கருதுவர். அது நரம்பைத் தாக்கும் நோயும் ஆகும். நரம்புச் செல்லின் அமைப்பை அறிந்தால் இது விளங்கும்.

நரம்புச் செல்லை நியூரான் என்பர். உட்கருவைக் கொண்ட செல் உடலம், செய்தியைப் பெறும் கிளைகளான டெண்டிரைட்டுகள், செய்தியைக் கடத்தும் ஆக்சான் என்பன அதன் பகுதிகள். கால்விரல் நுனியிலிருந்து தண்டுவடம் வரை நீளும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு செல்லுக்கு இத்தனை நீளமா என வியப்பதில் தவறில்லை. மூளைக்கும் தண்டுவடத்திற்கும் வெளியே ஷ்வான் செல்கள் இவ்விழையைப் பலமுறை சுற்றிக்கொண்டு மையலின் உறையை உண்டாக்குகின்றன. உறையின் இடைவெளிகளே ரான்வியர் கணுக்கள். தூண்டல் கணுவுக்குக் கணு தாவிச் செல்வதால், தடித்த இழைகளில் அதன் வேகம் நொடிக்கு 100 மீட்டரை எட்டும். உறையற்ற மெல்லிழைகளில் ஏறத்தாழ 1 மீட்டர்தான்.

செல் உடலத்திலிருந்து புறப்படும் நீட்சிகளைக் கொண்டு நியூரான்களை வகைப்படுத்துவர். விழித்திரையில் இருமுனை நியூரான்கள் உள்ளன. தசையை இயக்குபவை பலமுனை நியூரான்கள். தொடுதலையும் வலியையும் தோலிலிருந்து கொணர்பவற்றில் ஒரே நீட்சி வெளிவந்து இரண்டாகப் பிரிகிறது. அவை ஒருமுனை நியூரான்கள் எனப்படும்.

1873இல் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, ஷ்வான் செல்களுக்குள்ளேயே குடிபுகுகிறது. உடலின் குளிர்ந்த பகுதிகளில் அது நன்கு வளரும். எனவே, முழங்கையின் உட்புறம் தோலை ஒட்டிச் செல்லும் நரம்பு எளிதில் இலக்காகிறது. முழங்கையை இடித்துக்கொள்ளும்போது சுண்டுவிரல் வரை ‘சுரீர்’ என்பது அந்த நரம்பால்தான். அதனுள் உணர்வு இழைகளும் இயக்க இழைகளும் சேர்ந்தே செல்கின்றன. ஆகவே, வீக்கத்தால் அது சிதையும்போது சுண்டுவிரல் மரத்துப்போவதோடு, தசை வலுவிழந்து விரல்கள் வளைந்தும் விடுகின்றன.

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்வதாக முன்னர் நம்பினர். கொல்லிமலையில் பிறந்து வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டு, அது அவ்வாறன்று எனக் காட்டினார். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், காலில் முள் தைத்தாலும் நோயாளி அறிவதில்லை; வலி இல்லாததால் புண்ணோடே உழைக்கிறார். அப்புண்களே விரல்களைக் குறைத்தன. வளைந்த விரல்களை நிமிர்த்த, நல்ல தசையின் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை மருத்துவத்தை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார்.

கூட்டு மருந்துகள் இன்று கிருமியை அழிக்கின்றன. ஆனால், முற்றிலும் சிதைந்த நரம்பிழையை அவை மீட்பதில்லை. தோலில் தொடுவுணர்வற்ற வெளிறிய படை தோன்றும்போதே சிகிச்சையைத் தொடங்கச் சொல்வது இதனாலேயே.