மழைக்கு முன்னே மம்பட்டியைக் கவனிப்போம்!



குளிர் நாடுகளில் பனி விழும் முன்னே வீட்டுக் கருவிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார்கள். நம்ம ஊரில் பனி விழாது, ஆனா மழை விடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று குமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழை. மம்பட்டி, வெட்டுகத்தி, கோடாலி எல்லாம் ஈரத்திலேயே கிடந்தால் துருப்பிடிக்கும்.

துரு எப்படி வருகிறது?

இரும்போடு தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு வராது. எண்ணெய் தடவினால் இரண்டுமே இரும்பைத் தொட முடியாது. இதுதான் ரகசியம். உப்புக்காற்றில் துரு வேகமாகப் பிடிக்கும். அதனால்தான் குளச்சல், மணக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பிகூட சீக்கிரம் உதிர்ந்து போகிறது.

என்ன செய்யணும்?

1. ஒட்டின மண்ணைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் நல்லா காய வைக்கணும். காய்ந்த மண்ணும் ஈரத்தை இழுத்து வைக்கும்.

2. துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு மெல்லிசா எண்ணெய் தடவணும். மம்பட்டிக்கு வண்டியில் மாற்றிய பழைய ஆயில் போதும். அடுக்களைக் கத்திக்கும் அரிவாளுக்கும் தேங்காய் எண்ணெய் மட்டும்தான்.

3. மம்பட்டிக் கணை ஆடினால் சிலர் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். மரம் உப்பி இறுகும், காய்ந்ததும் மறுபடியும் ஆடும். மர ஆப்பு அடிப்பதே நல்லது.

4. தினமும் எடுக்காத டார்ச்சில் இருந்து செல்லைக் கழற்றிப் பக்கத்திலேயே வைக்கணும். உள்ளேயே கிடந்தால் செல் கசிந்து டார்ச் கெட்டுப் போகும்.

5. மோட்டார் வயர் கிழிந்திருந்தால் நாம் தொடக்கூடாது. மழை தொடங்கும் முன்னே எலக்ட்ரீசியனைக் கூப்பிடணும்.

ஆயுத பூஜை மழைக்குச் சற்று முன்னேதான் வரும். அன்றைக்கு எல்லாக் கருவியையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். மறுநாள் அதைத் துடைத்து எண்ணெய் தடவினால் பாதி வேலை முடிந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதீங்க. 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் அடித்தபோது நம்மில் பலர் சின்னப் பிள்ளைகள். கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. கரையில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. ரோட்டில் மரமும் கரண்ட் கம்பமும் விழுந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் கடைக்குப் போய்க் கத்தி வாங்க முடியுமா? வீட்டில் இருப்பதுதான் உதவும். துருப்பிடித்த கோடாலியும் எரியாத டார்ச்சும் இருந்து என்ன பிரயோஜனம்? மழுங்கின கத்தி வழுக்கி வெட்டுகிறவர் கையிலேயே படவும் செய்யும்.

இது ஆம்பிளைகள் வேலை என்று சில வீட்டில் சொல்வார்கள். எங்க வீட்டில் அம்மாவும் நானும்தான் செய்கிறோம். ஒரு பழைய துணி, உப்புத்தாள், கொஞ்சம் எண்ணெய், ஒரு மணி நேரம் இருந்தால் போதும். கூர் தீட்டுவதை மட்டும் பெரியவர்களிடம் விட்டுடுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டு மம்பட்டியை எடுத்துப் பாருங்க. வருமுன் காப்போம்!


9-ஆம் வகுப்பு மாணவி