இறுகிய கியர் லிவரில் எண்ணெய் ஊற்றாதீர்கள்

படகில் கியர் லிவர் இறுகிப்போனால் நம் பக்கத்தில் செய்யும் வைத்தியம் இரண்டே. ஒன்று, இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளுவது. இன்னொன்று, கேபிள் வாயில் டீசலையோ பழைய என்ஜின் ஆயிலையோ ஊற்றுவது. இரண்டும் அன்றைக்கு வேலை செய்ததுபோல் தெரியும். கியர் விழும், படகு நகரும், "சரியாயிடுச்சு" என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பிறகு ஒருநாள் படகுத்துறையை நெருங்கும் நேரத்தில் லிவரைப் பின்னுக்கு இழுத்தால், உள்ளே கம்பி அறுந்திருக்கும். லிவர் லேசாகக் கைக்கு வந்துவிடும். படகு மட்டும் முன்னோக்கியே போகும்.

நம் நெட்டப்பாக்கத்தில் கடல் ஏது, படகு ஏது என்று கேட்பவர்கள் 2024 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் நம்மைத் தேடி வர வேண்டியது சிறு மோட்டார் படகுதான். அந்தப் படகோ ஆண்டின் பெரும்பகுதி ஏதோ ஒரு கொட்டகையில் சும்மா கிடக்கும். தினமும் ஓடும் படகைவிடச் சும்மா கிடக்கும் படகில்தான் கேபிள் முதலில் இறுகும். மழைக்காலம் தொடங்குமுன் அந்த லிவரை ஒருவராவது முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாரா என்று கேட்டால் அலுவலகங்களில் பதில் இல்லை. "போட் இருக்கு சார்" என்பார்கள். இருந்தால் மட்டும் போதுமா?

அந்த மீட்புப் படகைவிட அடிக்கடி நாம் ஏறுவது சுண்ணாம்பாற்றிலும் ஊசுட்டேரியிலும் ஓடும் உல்லாசப் படகுகளில். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு போய் ஏறும் படகில் ஓட்டுபவர் லிவரோடு மல்லுக்கட்டுவதைக் கண்டால் இறங்கிவிடுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும். ஓடும் படகில் கட்டுப்பாடு கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை மும்பைத் துறைமுகத்தில் பார்த்தோம். 2024 டிசம்பர் 18 அன்று என்ஜின் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப் படகு கட்டுப்பாட்டை இழந்து, எலிஃபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த நீல் கமல் பயணிகள் படகில் மோதியது. 15 பேர் இறந்தார்கள். என்ஜின் கோளாறு என்று கடற்படையே அறிவித்தது. பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே அப்படி என்றால், டீசல் ஊற்றி ஓட்டும் நம் படகுகளை என்ன சொல்வது?

இனி வேலைக்கு வருவோம். ஓட்டுபவர் பக்கத்தில் ஒற்றை லிவர் உள்ள பெட்டி இருக்கும். லிவரை நடுவிலிருந்து முன்னே தள்ளினால் முதலில் கியர் விழும். மேலும் தள்ளினால் த்ராட்டில் திறந்து வேகம் கூடும். பின்னே இழுத்தால் ரிவர்ஸ். பெட்டியிலிருந்து அவுட்போர்டு என்ஜினுக்கு இரண்டு கேபிள்கள் போகின்றன: கியருக்கு ஒன்று, த்ராட்டிலுக்கு ஒன்று. இறுக்கம் பெட்டியில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், என்ஜின் பக்கத்து இணைப்பில் இருக்கலாம். எங்கே என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது.

முதலில் என்ஜினை நிறுத்தி, சாவியையும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். லிவர் நடுவில், நியூட்ரலில் இருக்கட்டும். என்ஜின் மூடியைத் திறந்து, இரண்டு கேபிள்களையும் என்ஜின் முனையில் மட்டும் கழற்றுங்கள். கழற்றும் முன்பு எந்த முனை எந்த ஓட்டையில் இருந்தது, மரை எவ்வளவு ஏறியிருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது லிவரை அசையுங்கள். லேசாகப் போனால் கேபிளும் பெட்டியும் நல்லவை. குறை என்ஜின் பக்கத்து இணைப்பில், உப்புப் பூத்த கீல்களில். அதைச் சுத்தம் செய்து, கடல் நீருக்கான கிரீஸ் வைத்தால் தீரும். லிவர் இன்னும் இறுக்கமாகவே இருந்தால் பெட்டியைத் திறந்து, அந்த முனையிலும் கேபிளைக் கழற்றுங்கள். வெறும் பெட்டி லேசாக அசைந்தால் குற்றவாளி கேபிள்தான். எந்தக் கேபிள் என்பது ஒவ்வொன்றையும் கையால் தள்ளி இழுத்தால் தெரிந்துவிடும்.

பெட்டியே இறுக்கமாக இருந்தால் அவசரப்பட்டு வேறு பெட்டி வாங்க ஓடாதீர்கள். பல பெட்டிகளில் த்ராட்டில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. ஓடும்போது அதிர்வில் லிவர் தானாக நழுவாமல் இருக்கத்தான் அது. யாரோ அதை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம். கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். முழுக்கத் தளர்த்திவிடாதீர்கள், லிவர் நழுவினால் அது வேறு ஆபத்து.

கேபிள்தான் குற்றவாளி என்றால் அதற்கு மருந்து கிடையாது, மாற்றுவதுதான் வழி. உறை பெரும்பாலும் படகின் ஓரத்தில் வளைந்து திரும்பும் இடத்தில் வெடித்திருக்கும். அந்த வெடிப்பின் வழியாக உப்புத் தண்ணீர் போய், உள்கம்பி துருப்பிடித்து ஊதி, குழாயைப் பிடித்துக்கொள்ளும். கறுப்பு உறையில் பழுப்புக் கறை கசிந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். எண்ணெய் ஊற்றினால் ஊதிய துரு கரையாது; எண்ணெயில் மணலும் உப்பும் ஒட்டிக் கெட்டியாகும். திரும்பவும் சொல்கிறேன், கேபிளுக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள். டீசல் வேண்டாம், துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம்.

புதுக் கேபிள் வாங்கும்போது பழைய கேபிளின் உறையில் அச்சிட்டிருக்கும் நீளத்தையும் பாக எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். குட்டையானது முறுகி அறும். நீளமானதைச் சுருட்டி வைத்தால் இறுகும். வளைவு அகலமாக இருக்க வேண்டும்; வளைவின் ஆரம் ஒரு சாணுக்குக் குறைய விடாதீர்கள். இரண்டு கேபிள்களும் ஒரே வயதென்றால் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொரு கெட்ட பழக்கம், என்ஜின் ஓடாதபோது லிவரை வம்பாகக் கியருக்குத் தள்ளிப் பார்ப்பது. உள்ளே பல் பல்லோடு முட்டி நிற்கும்போது தள்ளினால் வளைவது கேபிளும் இணைப்பும்தான். சாவி உங்கள் பையில் இருக்க, ஒருவர் புரொபெல்லரைக் கையால் மெல்லச் சுற்றட்டும். இன்னொருவர் லிவரைத் தள்ளட்டும். கியர் தானே விழும்.

எல்லாம் மாட்டியபின் சோதனை செய்யாமல் ஆளை ஏற்றாதீர்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நியூட்ரலில் புரொபெல்லர் இரு பக்கமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிளக்கையும் கிளிப்பையும் திரும்ப மாட்டி, படகை முன்னும் பின்னும் கயிற்றால் கட்டிவிட்டு, கியரில் வைத்துச் சாவி போட்டுப் பாருங்கள். என்ஜின் எழும்பவே கூடாது. எழும்பினால் நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்ச் வேலை செய்யவில்லை, படகு கரையிலேயே இருக்கட்டும். பிறகு நியூட்ரலில் ஓடவிட்டு, பாதுகாப்புக் கயிற்றை இழுங்கள். அந்தக் கணமே நிற்க வேண்டும். லிவர் எந்த நிலையில் சிக்கினாலும் உயிரைக் காப்பது அந்தக் கயிறுதான். அதை ஸ்டியரிங்கில் சுற்றி வைப்பது தற்கொலைக்குச் சமம். ஓட்டுபவர் இடுப்பிலோ மணிக்கட்டிலோ கட்டியிருக்க வேண்டும். மூர்த்திக்குப்பம், பனித்திட்டு மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருக்கிறது. வலையைச் சரிபார்க்கும் கையோடு இதையும் முடித்துவிடலாம்.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே லிவர் இறுகினால் என்ன செய்வது? கடைக்காரர் "உப்புக் காத்து, அப்படித்தான் இருக்கும்" என்பார். கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். குறையை எழுதி, கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்ன புகாருக்குச் சாட்சி இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள். கடை கடலூரிலோ சென்னையிலோ இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதிடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், மச்சான் பெயரில் வேண்டாம். வாங்கும் முன்பே வாரண்டி அட்டையையும் படியுங்கள். தொழிலுக்கு ஓட்டும் என்ஜினுக்குப் பல கம்பெனிகள் காலத்தைக் குறைத்தே எழுதியிருக்கும்.

மீட்புப் படகுகளின் விஷயம் வேறு. அதைக் கேட்கக் கவுன்சிலர் இல்லை. 2006க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை, கொம்யூன் பஞ்சாயத்தை ஆணையர்தான் நடத்துகிறார். ஆனால் 10 ரூபாய் இருந்தால் நீங்களே கேட்கலாம். வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதுங்கள். படகு நன்றாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பாகூர், நெட்டப்பாக்கம் பகுதிக்கு ஒதுக்கிய மோட்டார் படகுகள் எத்தனை, எங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றும் கடைசியாகத் தண்ணீரில் ஓட்டிச் சோதித்த தேதி என்ன, கியர், த்ராட்டில் கேபிள் மாற்றிய தேதி என்ன, பராமரிப்புப் பதிவேட்டின் நகல் என்று கேளுங்கள். தவறான அலுவலகம் என்று திருப்பித் தரக் கூடாது. உரிய அலுவலகத்துக்கு 5 நாளில் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. 30 நாளில் பதில் வராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு. அதற்கும் வராவிட்டால் டெல்லி மத்தியத் தகவல் ஆணையம். மனுவை ஜூலையிலேயே போட்டுவிடுங்கள். அக்டோபரில் போட்டால் பதில் வருவதற்குள் மழை வந்துவிடும்.

கழற்றிய பழைய கேபிளை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வராதீர்கள். நுகர்வோர் ஆணையம் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொன்னால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும். தேதி எழுதிய சீட்டைக் கட்டி, உப்புக் கழுவாமல் அப்படியே சாக்கில் போட்டு வையுங்கள்.