பாதை மாறும் கணக்குகள்

வாணிகவியல் பயிலக் கொச்சிப் பக்கம் வரும் தமிழ் மாணவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலில் அவர் கற்று வந்தது டேலி. பக்கத்து இருக்கையில் அமரும் மலையாள நண்பர், மேல்நிலை வகுப்பில் கணிப்பொறிக் கணக்கைப் பாடமாக எடுத்தவராயின், அவர் கற்று வந்தது குனூகாத்தா. ‘காத்தா’ என்பது இந்தியில் கணக்கைக் குறிக்கும் சொல். டேலி விண்டோஸ் இயக்கமுறையில் ஓடுவது. குனூகாத்தாவோ கட்டற்ற மென்பொருள். கேரளப் பள்ளிகளில் அது லினக்ஸின் மேல் ஓடுகிறது. பள்ளிகளுக்கு லினக்ஸைக் கொண்டு சேர்த்த ‘கைட்’ நிறுவனத்தின் வட்டார மையம் ஒன்று நம் இடப்பள்ளியிலேயே இருக்கிறது. இருவர் கற்றதும் ஒரே இரட்டைப் பதிவு முறைதான். பற்றும் வரவும் ஒன்றுதான். ஆயினும் ஒருவர் எழுதிய கணக்கை மற்றவர் கணிப்பொறியில் திறக்க முடிவதில்லை. ஏன்?

இது வகுப்பறையோடு முடியும் வினா அன்று. மாணவர் சங்கம் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு பொருளாளர் வருகிறார். முன்னவர் பின்னவரிடம் கணக்கை ஒப்படைக்கிறார். ஏட்டில் எழுதிய காலத்தில் பேரேட்டைக் கையில் கொடுத்தால் போதும். இன்றோ ஒரு பென்டிரைவைக் கொடுக்கிறார். அதில் ‘டிபிகே900.001’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. டேலியின் ‘ஈ.ஆர்.பி. 9’ பதிப்பு எடுத்துத் தந்த பேக்கப், அதாவது காப்புப்படி அது. புதிய பொருளாளரிடம் இருப்பது மேக் மடிக்கணினி அல்லது லினக்ஸ். கோப்பு பத்திரமாக வந்துவிட்டது, கணக்கு வரவில்லை.

இதை விளங்கிக்கொள்ள நம் வீட்டு வாயிலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இடப்பள்ளி நிலையம் வழியே செல்லும் சோரனூர்-எறணாகுளம் இருப்புப்பாதை, 1902-இல் கொச்சி சமஸ்தானத்தின் முயற்சியால் திறக்கப்பட்டது. அன்று அது மீட்டர்பாதை. சென்னையிலிருந்து சோரனூர் வழியே மேற்குக்கரைக்கு ஓடியதோ அகலப்பாதை. ஆகவே சென்னையில் ஏற்றிய சரக்கு, சோரனூரில் ஒரு வண்டியிலிருந்து இறக்கப்பட்டு மற்றொரு வண்டியில் ஏற்றப்பட்டே கொச்சிக்கு வர வேண்டியிருந்தது. 1930-களில் இப்பாதையும் அகலப்பாதையான பிறகே அந்தத் தொல்லை நீங்கியது. அரிசி மூட்டைக்கு எப்பாதையும் ஒன்றுதான். பாதை பார்ப்பது சக்கரம். காப்புப்படி என்பது சரக்கை உள்ளே வைத்துப் பூட்டிய வண்டி. நாம் செய்யும் பிழை, சரக்கை விட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதே.

வண்டிக்குள் என்ன இருக்கிறது? டேலியை 1986-இல் பெங்களூரில் சியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மைந்தர் பரத் கோயங்காவும் தொடங்கினர். தொடக்கத்தில் அது டாஸ் இயக்கமுறையில் ஓடியது. பின்னர் விண்டோசுக்கு வந்தது. அது ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஓர் உறையில் வைக்கிறது. உறைக்குள் இருக்கும் கோப்புகளை விரைவாகத் தேடவும் கூட்டவும் தனக்கு வசதியான முறையில் அடுக்குகிறது. பிறர் படிக்கவேண்டும் என்பது அந்த அடுக்கின் நோக்கமன்று. இதைக் குறைசொல்வதிலும் பயனில்லை. அவ்வாறு அடுக்குவதால்தான் பத்தாயிரம் சான்றுச்சீட்டுகளின் இருப்பாய்வு ஒரு நொடியில் திரைக்கு வருகிறது. காப்புப்படி எடுக்கும்போது அந்த அடுக்கு அப்படியே ஒரே கோப்பாகக் கட்டப்படுகிறது. அதை அவிழ்க்கும் கை டேலியினுடையது மட்டுமே.

அந்தக் கையும் எல்லாப் பதிப்பிலும் ஒன்றன்று. 7.2 பதிப்பின் கணக்கை ஈ.ஆர்.பி. 9-க்குக் கொண்டுவர ஒரு தனி மாற்றுக்கருவி தேவைப்பட்டது. 2020-இல் டேலிபிரைம் வந்தபோதும் பழைய கணக்குகள் மாற்றியமைக்கப்பட்டே உள்ளே நுழைந்தன. மாற்றம் முன்னோக்கியே நடக்கும். புதியதில் எழுதியதைப் பழையது படிக்காது. ஆகவே இயக்கமுறை ஒன்றாக இருப்பினும் பதிப்பு வேறானால் வழி அடைபடக்கூடும்.

கட்டற்ற மென்பொருளில் இத்தொல்லை இல்லை என்று சிலர் மேடையில் முழங்குவதுண்டு. பாதி உண்மை. குனூகாத்தா தன் கணக்குகளைப் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் வைக்கிறது. அத்தளத்தின் உறையை அப்படியே நகலெடுத்து வேறு பதிப்பிலோ வேறு இயக்கமுறையிலோ வைத்தால் அது எழுந்திருக்காது. ஆனால் அதே தளத்துக்குள் ‘பி.ஜி. டம்ப்’ என்னும் கருவி இருக்கிறது. உள்ளே இருப்பதை எல்லாம் வெறும் எழுத்தாக, வரி வரியாக அது வெளியே எழுதித் தரும். அந்த எழுத்தை எந்தக் கணிப்பொறியிலும் திரும்ப ஏற்றலாம். குனூகேஷ் என்னும் மற்றொரு மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதன் கணக்குக் கோப்பே, சுருக்கிக் கட்டிய எக்ஸ்.எம்.எல். எழுத்துதான். எனவே ஒரே கோப்பு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் திறக்கிறது. மாதம் நாற்பது சீட்டு எழுதும் சிறு சங்கத்துக்கு டேலியைவிட அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. சரக்கு வரியோடு மல்லுக்கட்டும் மட்டாஞ்சேரி மண்டிக்கு அப்படிச் சொல்லமாட்டேன்.

டேலியிலும் சரக்கை இறக்கும் வழி உண்டு. கணக்குத் தலைப்புகளையும் சான்றுச்சீட்டுகளையும் எக்ஸ்.எம்.எல். எழுத்தாக ஏற்றுமதி செய்யலாம். சாளரத்தில் பார்க்கும் எண்கள் அங்கே பெயர் ஒட்டிய துண்டுகளாக வரும். அதைப் படிப்போர் ஒன்றைக் கண்டு திகைப்பதுண்டு: பற்றுத் தொகைகளின் முன் கழித்தல் குறி இருக்கும். இது பிழையன்று; டேலியின் வழக்கம் அது. இவ்வழக்கம் தெரியாமல் வேறு மென்பொருளில் ஏற்றினால் நமக்குக் கடன்பட்டவர் நமக்குக் கடன் கொடுத்தவராகிவிடுவார்! ஏற்றும் வரிசையும் உண்டு. தலைப்புகள் முதலில், சீட்டுகள் பின்னர். மாற்றி ஏற்றினால் ‘இப்பெயரில் பேரேடு இல்லை’ என்று சீட்டுகள் வாசலிலேயே நிறுத்தப்படும்.

இனிச் சரக்கு மாற்றும்போது சிந்துவதையும் சிதறுவதையும் பார்ப்போம். எனக்கு இதுவே சுவையான பகுதி.

மட்டாஞ்சேரியின் உயிர் மிளகு. சரக்கு வரிப் பட்டியலில் மிளகின் குறியீடு 0904. கணக்கைச் சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து, அதை எக்செல் போன்ற விரிதாளில் சற்றும் யோசியாமல் திறந்து சேமித்தால், விரிதாள் அதை ஓர் எண் என்று கருதி முன்னிற்கும் சுழியை நீக்கிவிடும். 0904 என்பது 904 ஆகிறது. ஏலக்காயின் 0908, இஞ்சி மஞ்சளின் 0910 ஆகியவற்றுக்கும் இதே கதி. தொகைகள் எல்லாம் சரியாக இருக்கும். பட்டியலில் மட்டும் அப்படியொரு சரக்கே இராது.

நாளும் வழுக்கும். 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் அமைந்த கணிப்பொறிக்கு அது மார்ச் 4. முப்பது நாள் வேறுபாடுதானே என்று எண்ணற்க. முன்னது 2024-25 நிதியாண்டு, பின்னது 2023-24. மேக் கணிப்பொறியின் பழைய எக்செலில் இன்னொரு கண்ணி இருந்தது. விண்டோஸ் எக்செல் நாள்களை 1900-இலிருந்து எண்ண, மேக் எக்செல் 1904-இலிருந்து எண்ணியது. அத்தகைய பழைய தாளிலிருந்து ஒரு நாள் வரிசையை வெட்டி மற்றதில் ஒட்டினால், ஒவ்வொரு நாளும் 1462 நாள் பின்னே போகும். 2024 ஏப்ரல் 1 அப்போது 2020 மார்ச் 31 ஆகிவிடும். ஓர் ஆண்டின் கணக்குத் தொடக்க நாள் வேறோர் ஆண்டின் கணக்கு முடிப்பு நாளாக மாறும் விந்தையை வேறெங்குக் காண்போம்?

பெயர்களிலும் இடர் உண்டு. விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கோப்புப் பெயரில் ஒன்றாகக் கொள்ளும். லினக்ஸ் வேறாகக் கொள்ளும். தமிழில் பெரிய எழுத்து இல்லையே, தப்பினோம் என்று மகிழ வேண்டா. நம் ‘கொச்சி’யையே எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் எனப் பிரித்து இரு குறியாகவும் எழுதலாம். விண்டோசும் லினக்சும் நாம் தட்டச்சிட்டவாறே வைத்துக்கொள்ளும். ஆப்பிளின் பழைய கோப்பு முறையோ எதைக் கொடுத்தாலும் பிரித்தே வைத்தது. கண்ணுக்கு இரண்டும் ‘கொச்சி’. கணிப்பொறிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். ‘கொச்சி’ என்ற உறையைத் தேடும் மென்பொருள், அதன்முன்னே நின்றுகொண்டே அதைக் காணவில்லை என்று சொல்லும். காப்புப்படியின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் வைப்பது தமிழுக்கு இழுக்கன்று. உள்ளே தமிழ் தாராளமாக இருக்கலாம்.

இவ்வளவும் கடந்து கணக்கு மறுகரை சேர்ந்துவிட்டது என்று எப்படி அறிவது? இருப்பாய்வை எடுத்தேன், பற்றும் வரவும் பொருந்தின, ஆகவே முழுதும் வந்துவிட்டது என்பார் பலர். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இரட்டைப் பதிவில் ஒரு சீட்டு முழுதாகத் தொலைந்தால் அதன் பற்றும் வரவும் சேர்ந்தே தொலைகின்றன. இருநூறு சீட்டு விடுபட்டாலும் இருப்பாய்வு சிரித்துக்கொண்டே பொருந்தும். ஆகவே பழைய இருப்பாய்வையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மொத்தத்தை மட்டுமன்றித் தலைப்புத் தலைப்பாக ஒப்பிடவேண்டும். மாதவாரியாகச் சீட்டுகளின் எண்ணிக்கையையும், வரவேண்டிய நிலுவையை ஆள்வாரியாகவும், சரக்கிருப்பை அளவிலும் மதிப்பிலும் சரிபார்க்கவேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஓர் அந்திப்பொழுதில் முடிந்துவிடும்.

எவ்வளவு காலத்துக்கு இந்தக் கவலை? சட்டம் அதற்கு விடை சொல்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி ஒரு நிறுவனம் தன் கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகள் காக்கவேண்டும். சரக்கு-சேவை வரிச் சட்டம், ஆண்டறிக்கைக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதம் காக்கச் சொல்கிறது. மின்னணுக் கணக்கு வைக்கும் நிறுவனங்கள் நாள்தோறும் காப்புப்படியை இந்தியாவிலுள்ள சேமிப்பகத்தில் வைக்கவேண்டும் என 2022-இல் விதி திருத்தப்பட்டது. வெறுமனே வைத்திருந்தால் போதாது. படிக்கத்தக்க வடிவில் காட்டவும் வேண்டும். கணிப்பொறி உலகின் ஆயுளோடு இதை ஒப்பிடுங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 சனவரியில் நின்றது. விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபரில் நின்றது. 2019-இல் எழுதிய கணக்கை அதிகாரி கேட்கும் நாளில், அதை எழுதிய பொறியும் இயக்கமுறையும் பதிப்பும் மூன்றும் போயிருக்கக்கூடும். பொறி முதுமையால் போகவேண்டும் என்பதும் இல்லை. 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி ஆலுவாவையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்ததை இங்குள்ளோர் மறக்கவில்லை. தண்ணீரில் நின்ற பொறிக்குப் பதிலாக வாங்கும் பொறி அதே இனமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எழுத்தாக இறக்கி ஏற்றும் வழியில் வாராத பொருள் ஒன்று உண்டு: யார், எந்நாளில், எந்தச் சீட்டைத் திருத்தினார் என்னும் தடம். 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் இத்தடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அது பழைய வண்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே சரக்கை மாற்றிய பின்னும் வண்டியை உடைத்து விறகாக்கக் கூடாது. மெய்நிகர்ப் பொறி என்னும் ஏற்பாடு இதற்கு உதவும்: லினக்ஸ் அல்லது மேக் கணிப்பொறிக்குள் ஒரு முழு விண்டோஸ் பொறியை மென்பொருளாலேயே அமைத்து, அதில் பழைய டேலியை ஓட்டுவது. (இன்றைய மேக் பொறிகளின் சில்லு வேறு வகை, அதில் பழைய விண்டோஸ் எளிதில் ஏறாது.) மீட்டர்பாதைப் பெட்டியை அகலப்பாதைத் தட்டுவண்டியின் மேல் ஏற்றி அனுப்பும் வழக்கம் இருப்புப்பாதையிலும் இருந்ததுதான். உரிமம் இல்லாதபோது டேலி ‘கல்வி முறை’யில் திறக்கும், மாதத்தின் 1, 2, 31 ஆகிய நாள்களுக்கே புதிதாக எழுதவிடும் என்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். பழைய கணக்கைப் பார்க்க அது போதும்.

எனவே, சங்கப் பொருளாளர் விடைபெறும்போது பென்டிரைவில் வைக்கவேண்டியவை இவை: மென்பொருளின் காப்புப்படி, எந்தப் பதிப்பில் எடுத்தது என்ற குறிப்புடன், தலைப்புகளும் சீட்டுகளும் அடங்கிய எக்ஸ்.எம்.எல். ஏற்றுமதி; இருப்பாய்வும் பேரேடும் பி.டி.எப். வடிவில், மாதவாரிச் சீட்டு எண்ணிக்கை ஒரு தாளில். புதியவர் அதைத் தம் பொறியில் திறந்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, அதன் பிறகே ஒப்படைப்புத் தாளில் கையொப்பம் இடட்டும். பழையவரின் தொலைபேசி எண்ணையும் அத்தாளிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.